அம்மா தராத பாணி மருந்து

என் அம்மாவைக் கஞ்சப் பிசினாறி என்று எங்கள் லயமே ஏசிய ஒரு நாள் உண்டு. ஏசியவர்களில் சிலர் இன்றும் நிறுத்தவில்லை. ஏசட்டும்.

எல்கடுவ மலையில் தேயிலைக்கு நடுவே எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. உப்பு, தேங்காய்ப் பாதி, அடுப்புக்கு நெருப்பு என்று எல்லாம் கைமாறும். மருந்தும் அப்படித்தான். ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கரண்டியில் ஊற்றிக் குடிக்கும் பாணி மருந்து கொடுத்தால், அந்தப் பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கியதும் மிச்சப் போத்தல் அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். இருமலுக்குத் தந்த மருந்து வயிற்றுவலி பார்த்த கதையெல்லாம் எங்களிடம் உண்டு. நாங்கள் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

அந்த மழைக்காலத்தில் மேட்டுக் கக்கூஸ் குழி நிரம்பி, மலையூற்றிலிருந்து பீலி வழியே விழும், நாங்கள் குடிக்கப் பிடிக்கும் தண்ணீரில் கலந்துவிட்டது. முதலில் விழுந்தவன் என் தம்பி. காய்ச்சல், வயிற்று முறுக்கு, சீதமும் இரத்தமுமாகப் போக்கு. அப்பா கொழும்பில் கடைவேலையில் இருந்தார். அம்மா தனியாகவே அவனை மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். சில நாள் வார்டில் இருந்துவிட்டு, மெலிந்த பிள்ளையோடும் ஒரு போத்தல் பாணி மருந்தோடும் திரும்பினாள். மருந்து முழுவதும் முடியவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாளே தம்பி ரொட்டிக்கும் சம்பலுக்கும் அடம்பிடித்தான். லயத்து வழக்கப்படி அவனுக்குச் சுகம், மருந்து இனிப் பொது. பக்கத்துக் காம்பராவிலிருந்து பெரியம்மா, என் பெரியப்பாவின் மனைவி, கையில் கோப்பையோடு வந்து நின்றாள். இடுப்பில் அவள் கைக்குழந்தை ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் இரத்தப்போக்கு.

அம்மா தரமாட்டேன் என்றாள்.

"ஒரு கரண்டிதானே கேக்குறேன்? நீ பெத்தது மட்டுந்தான் புள்ளையா?"

"ஒரு சொட்டுக் கொறைய விடமாட்டேன் அக்கா. புள்ளையத் தூக்குங்க, இப்பவே பஸ்ஸுக்குப் போவோம்."

"மருந்த வீட்டுல வச்சுக்கிட்டு என்னைய மாத்தளைக்கு வெரட்டுறா, பாருங்கடி!"

லயம் முழுக்க எங்கள் வாசலில் கூடிவிட்டது. எப்போதோ எங்களுக்கு மாவு கொடுத்தவர்கள் அந்த மாவை நினைவூட்டினார்கள். அம்மா கதவு நிலையில் கையூன்றி நின்றாள், அசையவில்லை. எனக்கோ அவமானம் தாங்கவில்லை. இனி என்னை யார் விளையாட்டில் சேர்ப்பார்கள் என்பதுதான் பத்து வயதில் என் பெரிய கவலை.

குழந்தை அழுதது. சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை; உடம்பில் தண்ணீர் அவ்வளவு வற்றியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். உடனே போத்தலை என் கையில் திணித்தாள்.

"மத்தியானம் தம்பிக்கு ஒரு கரண்டி. எவ கேட்டாலும் குடுக்காத!"

சொல்லிக்கொண்டே பெரியம்மாவின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டாள். கொதித்தாறிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அதன் வாயில் விட்டபடி பஸ் பாதையில் இறங்கி நடந்தாள். "ஏய், நில்லுடி!" என்று பெரியம்மா தலைவிரிகோலமாகப் பின்னால் ஓடினாள். கடைசித் திருப்பம் வரை அந்தத் திட்டு எங்களுக்குக் கேட்டது.

நான் கதவைச் சாத்தி, போத்தலைப் பாவாடையில் சுற்றி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேர் வந்து கேட்டார்கள், ஒருத்தி ஜன்னல் வழியே பிஸ்கட்டைக் காட்டியே கேட்டாள். கொடுக்கவில்லை. அம்மாமேல் கோபமாக இருந்தேன், ஆனாலும் கொடுக்கவில்லை.

குழந்தைக்கு வார்டில் சேலைன் ஏற்றினார்கள், அதன் நிறைக்கு அளந்து தனி மருந்தும் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டாள். இப்போது அவளுக்கே கல்யாணமாகிவிட்டது. அந்தக் கல்யாணத்தில்கூடப் பெரியம்மா, "ஒரு கரண்டி மருந்து தராதவ" என்று அம்மாவைக் காட்டிச் சொன்னாள். நான் சண்டைக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு. திட்ட வாயும் இருக்கு, தாலி கட்டிக்கப் புள்ளையும் இருக்கு. வேறென்ன வேணும்?"

அன்றுதான் மிச்சத்தைச் சொன்னாள். வார்டில் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் பல்லேபொலப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி மகனோடு இருந்தாளாம். சுகமாகிவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்தி, மீதியை அக்காள் பிள்ளைக்குக் கொடுத்தவள். மகனுக்கு நோய் திரும்பி வந்தது. அவள் வீடு போனபோது கையில் பிள்ளை இல்லை.

அதை அன்றைக்கே வாசலில் சொல்லியிருந்தால் லயமே வாயடைத்துப் போயிருக்கும். நோயில் கிடக்கும் பிள்ளையின் தாய் முன்னால் இன்னொரு பிள்ளையின் சாவைப் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். லயத்தின் ஒரு வழக்கத்தை எல்லோருக்கும் முன்னால் உடைத்தவள், இதை மட்டும் உடைக்கவில்லை. பெரியம்மா அத்தனை திட்டியும் அவள் காரணம் சொல்லாததைக் கதவோரம் நின்று நானும் பார்த்தேன். பதில் இல்லாமல்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.