பொறுமைசாலி என்று எங்கள் அண்ணியைச் சொல்லாதீர்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, ஜொகூர் பாருவில் வேலைக்குப் போகும் வழியில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். சேகர் அண்ணன் அழைத்தார். "புவனா, உங்க அண்ணி போயிட்டாம்மா" என்றார். பின்னால் நின்ற கார்க்காரர் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். தையல் தொழிற்சாலையில் வேலை தொடங்கிய சற்று நேரத்தில் மயங்கி விழுந்திருக்கிறார் அண்ணி. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, அண்ணன் வீடு இருக்கும் பத்து பாகாட் போய்ச் சேர மாலையாகிவிட்டது. அதற்குள் குடும்ப வாட்சப் குழுவில் யாரோ அண்ணியின் படத்தைப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, "பொறுமையின் சிகரம் மாலதி" என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டார்", "இனியாவது ஓய்வெடுக்கட்டும்." எனக்கு வந்ததே எரிச்சல்!

வீட்டுக்குள் நுழைந்ததும் அது இரண்டு மடங்கானது. அண்ணியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "தாரணி எங்கே?" என்று கேட்டேன். தாரணி அண்ணியின் ஒரே மகள். இருபது வயதைத் தாண்டியவள். ஆட்டிசம் உள்ளவள். "பக்கத்துல லிம் ஆன்ட்டி வீட்ல இருக்கா. அம்மா தூங்குறாங்க, சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். பயந்துக்குவா, பாவம்" என்றார் பெரியண்ணி. அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் சண்டை போட்டேன். பெரியண்ணன், "காரியம் முடியட்டும் புவனா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சேகர் அண்ணனிடம் போனேன். "என்னால முடியாதும்மா. அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தகப்பனை மீறி நான் என்ன செய்வது? பெற்ற தாயிடம் விடைபெறாமலேயே ஒரு பெண்ணை ஒதுக்கி வைத்துவிடுவார்களோ என்று அன்று இரவு முழுக்க எனக்குப் பதற்றமாக இருந்தது.

அந்த ரோஜாப்பூ படத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மாலதி அண்ணிக்குப் பொறுமை கிடையாது. துளிகூடக் கிடையாது. அவரை அறிந்தவர்களுக்கு அது தெரியும். அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதினாறாம் நாளுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

அண்ணி பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் ஆண்கள் சாப்பிட்டு எழும்வரை பெண்கள் அடுப்படியில் நிற்போம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அண்ணி தட்டோடு வந்து, "பசிக்குது மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பெரியண்ணனிடம் சொன்னார். பெரியண்ணன் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தள்ளி உட்கார்ந்தார். அன்றிலிருந்து நானும் மேசையில் சாப்பிடுகிறேன்.

தாரணி குழந்தையாக இருந்தபோது, கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். அப்போது வார்த்தை வரவில்லை. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன நாளில் நானும் கூடப் போயிருந்தேன். அண்ணி காரில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார். அழாதவர் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சரி வா, ரொட்டி சானாய் சாப்பிடலாம். அவளுக்கும் பசிக்கும், எனக்கும் பசிக்குது" என்றார். கடையில் தாரணி ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றாள். அண்ணி இன்னும் இரண்டு ரொட்டி சொல்லி, ஓரங்களை மகளுக்குக் கொடுத்துவிட்டு நடுவை எங்கள் தட்டில் போட்டார்.

எங்கள் பக்கம் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. சீனப் பெருநாள் வந்து போகும், கிழக்குக் கடலில் அலை அடங்கும், சாலையோர அங்சானா மரங்கள் மஞ்சளாகக் கொட்டும், பங்குனியும் சித்திரையும் பிறக்கும். அதுதான் எங்கள் வசந்தம். உறவுக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் காலமும் அதுதான். அதனாலேயே அண்ணிக்கு அது சண்டைக் காலமாகவும் ஆகிப்போனது.

ஒரு வருடம் பெரியண்ணி, "பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடு மாலதி, பிள்ளைக்குச் சரியாப் போயிடும்" என்றார். அண்ணி, "என்னக்கா சரியாப் போவணும்? அவளுக்குக் காய்ச்சலா அடிக்குது?" என்றார். பெரியண்ணியின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மாலதி அண்ணி பால்குடம் எடுத்தார். கூட்டம் சேருமுன், விடியும் வேளையில், தாரணிக்குக் காதுமூடியை மாட்டிவிட்டு, இருவரும் கோயிலைச் சுற்றி வந்தார்கள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அவ இப்படியே நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். மத்தவங்களுக்குக் கொஞ்சம் புத்தி வரணும்னும் வேண்டிக்கிட்டேன். ரெண்டாவதுக்கு இன்னும் நிறைய பால் ஊத்தணும் போல" என்றார். இருவரும் கோயில் வாசலில் நின்று சிரித்தோம்.

பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டிக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சீனப் பெருநாளுக்கு அவர் வீட்டில் சிங்க நடனம் உண்டு. மத்தளச் சத்தம் தாரணிக்கு ஆகாது. ஆனால் அந்தச் சிங்கம் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுவது அவளுக்கு உயிர். ஆன்ட்டி முன்கூட்டியே வந்து நேரத்தைச் சொல்லிவிடுவார். அண்ணி எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, மகளை முன்சீட்டில் உட்கார வைப்பார். ஆட்டம் முடிந்ததும் சிங்கம் சத்தமில்லாமல் காருக்குப் பக்கத்தில் வந்து, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகும். தாரணி கைகொட்டிச் சிரிப்பாள். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணிக்குத் தோன்றியது, கூடப்பிறந்த எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லாரும் அண்ணி வீட்டில் கூடுவது வழக்கம். ஒரு வருடம் அண்ணி புது ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். மொத்தமாக வராமல் இரண்டிரண்டு பேராக வர வேண்டும். சென்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது. தாரணியைக் கட்டிப்பிடிப்பது, கன்னத்தைக் கிள்ளுவது கிடையாது. தொலைக்காட்சியைப் போடக் கூடாது. "இது வீடா, கிளினிக்கா?" என்று பெரியண்ணன் கேட்டார். "வீடுதான் மாமா. அவளும் இருக்கிற வீடு." "நாங்க எவ்வளவு பொறுத்துப் போறோம் மாலதி!" "அதைத்தான் மாமா வேணாங்கிறேன். கொசுக்கடியப் பொறுத்துக்கலாம், வெயிலப் பொறுத்துக்கலாம். என் மகள எதுக்குப் பொறுத்துக்கணும்? அவளப் புடிச்சா வாங்க. புடிக்கலன்னா வராதீங்க லா."

அடுத்த வருடம் பாதிப் பேர் வரவில்லை. அண்ணி பானை நிறையப் பாயாசத்தை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலிக்கவில்லை என்று நினைப்பவர்கள் அன்று அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் ஒரு தூக்குப் பாயாசத்தை லிம் ஆன்ட்டிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, "வா புவனா, நம்ம திங்கலாம்" என்றார். தாரணி அன்று நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். என் பிள்ளைகளுக்குத் துணி உலர்த்தும் கிளிப்புகளை நிறம் நிறமாக மாட்டிக் காட்டினாள். நான் பார்த்ததிலேயே நல்ல புத்தாண்டு அதுதான்.

மழைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி ஓடத் தொடங்கினால் மூவரும் மெர்சிங் கடற்கரைக்குப் போவார்கள். இரண்டொரு முறை நாங்களும் போயிருக்கிறோம். தாரணி கடலைக் கண்டதும் இரண்டு கைகளையும் படபடவென்று அடித்துக்கொள்வாள். படகுத்துறையில் நின்ற ஒரு பெண்மணி, "கையப் புடிச்சு நிறுத்தக் கூடாதா?" என்றார். அண்ணி, "ஏன் நிறுத்தணும்? நமக்குச் சந்தோஷம் மூஞ்சியோட நின்னுடுது. அவளுக்குக் கை வரைக்கும் வருது" என்று சொல்லிவிட்டு, தானும் மகளோடு நின்று கைகளை அடித்துக்கொண்டார். சேகர் அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே சேர்ந்துகொண்டார். என் பிள்ளைகளும் ஓடினார்கள். அந்தப் பெண்மணி எங்கள் குடும்பம் மொத்தத்தையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணி மேல் எனக்குக் கோபமும் இல்லாமல் இல்லை. பள்ளியில் சண்டை, பஸ்காரரோடு சண்டை, தாரணி எதிரில் குரலை உயர்த்திப் பேசியதற்காக என்னோடும் சண்டை. உதவி செய்கிறேன் என்றால், "நான் பாத்துக்கிறேன்" என்று வாயை அடைத்துவிடுவார். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு, இப்படித் திடீரென்று போனால் நாங்கள் என்ன செய்வது? தாரணிக்கு எது பிடிக்கும் என்று மாலதி அண்ணியைத் தவிர முழுதாகத் தெரிந்தவர் யார்? இதையெல்லாம் அவரிடமே கேட்டுச் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. அதற்கும் ஆள் இல்லை.

அண்ணி இறந்த மறுநாள் பகலில், அவரை வழியனுப்ப உருமி மேளக்காரர்கள் வந்தார்கள். முதல் அடி விழுந்ததுமே பக்கத்து வீட்டுக் கேட் படாரென்று திறந்தது. தாரணி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடிவந்தாள். பின்னாலேயே லிம் ஆன்ட்டி. அவள் நேரே மேளக்காரர்கள் முன்னால் போய் நின்று, "நிறுத்துங்க! அம்மா தூங்குறாங்க! சத்தம் போடக் கூடாது! அம்மா தூங்குறாங்க!" என்று கத்தினாள்.

மேளம் நின்றது. "அலமாக்! இதுக்குத்தான் சொன்னேன். பிள்ளை கலாட்டா பண்ணுது, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார் பெரியண்ணன்.

"கலாட்டா பண்றது அவ இல்ல, நம்மதான்" என்று கத்திவிட்டேன். "தூங்குறாங்கன்னு சொன்னது யாரு? தூங்குறவங்க பக்கத்துல மேளம் அடிக்கிறது யாரு? அவ நம்ம சொன்னதைத்தானே கேக்குறா?"

பெரியண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். படியில் உட்கார்ந்திருந்த சேகர் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீயே சொல்லிடு புவனா" என்றார்.

அவளைத் தொடாமல் பக்கத்தில் போய் நின்றேன். "தாரணி, அம்மா தூங்கல. அம்மா செத்துட்டாங்க."

கையைக் காதிலிருந்து எடுத்தாள். "சாப்பிட எழுந்திரிப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மாட்டாங்க. இனிமே எழுந்திரிக்கவே மாட்டாங்க."

"அம்மாவுக்குச் சத்தம் கேக்குமா?"

"கேக்காதும்மா."

உள்ளே போனாள். கூட்டம் தானாக விலகியது. அண்ணியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். "குளிருது" என்றாள். பிறகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரே குரலாக நீளமாக ஒலியெழுப்பினாள். அது அழுகைதான். அதைக் கேட்ட எவருக்கும் அதில் சந்தேகம் இருந்திருக்காது. சேகர் அண்ணனும் எழுந்து வந்து மகளோடு சேர்ந்து அழுதார். பெரியண்ணன் வாய்க்கரிசித் தட்டைத் தானே எடுத்துவந்து அவள் முன்னால் நீட்டினார். அவள் அரிசியை எடுத்து, சிந்தாமல், மெதுவாக அம்மாவின் வாயில் போட்டாள்.

பிறகு வாசலுக்கு வந்தாள். மேளக்கார இளைஞர் ஒருவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாரணி அவரிடம், "அம்மா செத்துட்டாங்க. அவங்களுக்குக் கேக்காது. இப்ப அடிங்க" என்றாள். தன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அண்ணியை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பி மறையும்வரை, அந்தச் சத்தம் முழுவதையும் தாங்கிக்கொண்டு, அங்கேயே நின்றாள்.

அண்ணி, நீங்கள் இறந்துவிட்டது உங்கள் மகளுக்குத் தெரியும். அவள் சொல்லித்தான் உங்களை வழியனுப்பினோம். நிம்மதியாகப் போங்கள்.