பந்து ரீமுக்குப் பூசை ஒப்புக்கொடுத்த அருமைநாயகி

அருமைநாயகி என்ற பெயரை யோகமலர் முதன்முதலில் கேட்டது, ஒரு ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெயரை எழுதிக்கொண்ட அன்றுதான். லண்டன் இல்ஃபோர்ட் பக்கத்துக் கொலிஜ் ஒன்றின் மைதானம், புதன்கிழமை பின்னேரம். யோகமலரின் மகள் கௌசி அந்தக் கொலிஜ் பெண்கள் உதைபந்தாட்ட ரீமுக்குக் கோல் காப்பவள். வெளியே ஊசியாய்க் குத்துகிற குளிர். யோகமலர் காருக்குள் இருந்து, கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்து எல்லைக்கோட்டு ஓரத்தில் ஊதாக் குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்ட ஒரு மனுசி நின்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆள் குள்ளம், சத்தம் பெரிது.

“தம்பி ரெஃப்ரி! விசிலை வீட்டிலை வைச்சுப் பூட்டிப்போட்டே வந்தனீர்? பிள்ளையை இழுத்து விழுத்திறாள், நீர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீர்!”

அந்த வெள்ளைக்காரப் பொடியனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏச்சு விளங்கிவிட்டது. ஆட்டத்தை நிறுத்திக் கிட்ட வந்து பெயர் கேட்டான். “அருமைநாயகி கிறிஸ்துராஜா,” என்றாள், பரிசு வாங்கக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து நின்று. அவன் திரும்பவும் கேட்டான். சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிற மாதிரித் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தாள். இன்னொருமுறை சத்தம் போட்டால் மைதானத்துக்கு வெளியேதான் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் “ஓம் ஓம், தாங்க்யூ” என்று அனுப்பிவிட்டுக் காரின் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளை, உம்மட மகளே கோலுக்கை நிக்கிறது? இறங்கி வாரும். உள்ளுக்கை இருந்து கத்தினா அவளுக்குக் கேக்குமே?”

“நான் கத்தேல்லையே அக்கா.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

யோகமலர் இறங்கிப் போனாள். அதன்பிறகு ஒரு புதன்கிழமையும் காருக்குள் இருந்ததில்லை.

ஒருவரின் அடி நுனி தெரியாமல் பழக யோகமலருக்கு வராது. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் அறிந்துகொண்டாள். அருமைநாயகி யாழ்ப்பாணம் குருநகர்க் கத்தோலிக்கப் பெண். தாய்வழி மன்னார், பேசாலை. தகப்பனோடு பிறந்த ஆண்கள் எல்லாரும் பந்தடிகாரர், ஒருவரைத் தவிர. அவருக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. அவர் பந்துக்குக் காற்றடித்துக் கொடுத்தவர். புருசன் கிறிஸ்துராஜா தாய்மாமன் மகன். கலியாணம் முடிந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே ஹோட்டல் குசினியில் வேலை பார்த்து, பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். கிறிஸ்துராஜா இங்கே குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிக்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவன் கணக்காளர், மற்றவன் பல் வைத்தியத்துக்குப் படிக்கிறான். பந்தை இரண்டு பேரும் காலால் தொட்டதில்லை. “இரண்டும் வீணாப் போச்சுது பிள்ளை,” என்று சிரிப்பாள். கடைசியில் தமக்கை மகள் துசியந்தி பெற்ற ஜெனோஜாதான் அந்தக் குடும்பத்தின் காலைக் காப்பாற்றினாள். கொலிஜ் ரீமில் முன்னுக்கு நின்று கோல் அடிப்பவள் அவள். துசியந்திக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். அதனால் புதன்கிழமைகளில் தாய்க்குப் பதிலாக வந்து நிற்பது அருமைநாயகி.

கௌசியின் கதை வேறு. சுவிஸில் பிறந்தவள், பதின்மூன்று வயதில் லண்டன் வந்தாள். இங்கிலீஷை இழுத்துப் பேசுகிறாள் என்று வகுப்பில் யாரோ சிரித்தார்களாம். அன்றைக்கு மூடிய வாயை வீட்டுக்கு வெளியே அவள் பிறகு திறக்கவில்லை. பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ரீச்சர் ஒருத்தி யோகமலரைக் கூப்பிட்டு விசாரித்ததும் உண்டு. கொலிஜில் சேர்ந்து, உயரமான பிள்ளை என்று கோலுக்குள் நிறுத்திய பிறகுதான் மாற்றம் வந்தது. கோல் காப்பவள் பேசாமல் நிற்க ஏலாது. முன்னுக்கு நிற்கிறவர்களைக் கூப்பிட்டு, ஏவி, திட்டவும் வேண்டும். மகளின் குரல் மைதானம் முழுக்கக் கேட்ட முதல் நாள், அருமைநாயகியைக் காணுமுன், யோகமலர் காருக்குள் இருந்து அழுதாள்.

அப்படி இருக்கையில், ஈஸ்டர் லீவு முடிந்த கையோடு கொலிஜிலிருந்து ஈமெயில் வந்தது. வருகிற செப்டெம்பர் முதல் பெண்கள் ரீம் இல்லை. பார்க்க யாரும் வருவதில்லை, ஆர்வம் குறைவு, பொறுப்பெடுக்க ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்று எழுதியிருந்தார்கள். கௌசி அதை வாசித்துவிட்டுக் கையுறைகளைக் குப்பைவாளிக்குள் போட்டாள். இரவுச் சாப்பாட்டில் ஒரு சொல் பேசவில்லை. யோகமலர் கையுறைகளை எடுத்துக் கழுவி ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு அருமைநாயகிக்குப் போன் எடுத்தாள்.

“அழாதையும் பிள்ளை. நாளைக்கு எங்கட சுவாமியாரிட்டப் போவம்.”

“கொலிஜுக்கும் சுவாமியாருக்கும் என்னக்கா?”

“என்ன கதை கதைக்கிறீர்? கொலிஜ் பந்து ரீம் வேறை ஆரின்ரை பொறுப்பு?”

அவளுடைய ஊரில் அது சரிதான். கொலிஜை நடத்தியவர்கள் கத்தோலிக்கக் குருமாரான சுவாமிமார். யாரை ரீமில் போடுவது, யாருக்குச் சப்பாத்து இல்லை, ஆட்டம் முடிந்து யார் யாரை அடித்தது, எல்லாம் சுவாமியார் முன்னால்தான் தீரும். முப்பது வருசம் ஐரோப்பாவில் இருந்தும் அந்த எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை.

பங்குச் சுவாமியார் வயதான ஐரிஷ்காரர். தேத்தண்ணி கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அது அரசாங்கக் கொலிஜ், அதன் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றார். வெளியே வந்ததும், “மனுசன் பயப்பிடுது,” என்றாள் அருமைநாயகி. படி இறங்கும்போது சட்டென்று நின்றாள். “ஆனா கருத்து எண்டு குடுத்தா மாட்டன் எண்டு சொல்ல அவருக்கு ஏலாது.”

வேதக்காரரான கத்தோலிக்கரிடம் அப்படி ஒரு வழக்கம். செத்தவருக்காக, சோதனை எழுதுகிற பிள்ளைக்காக, ஒப்பரேசனுக்காக, இன்ன கருத்துக்கு இந்தப் பூசையை ஒப்புக்கொடுங்கள் என்று யாரும் கேட்கலாம். சுவாமியார் அதைப் பூசை தொடங்கும்போது எல்லாருக்கும் கேட்க வாசிப்பார்.

அந்தக் கிழமை முழுக்க நடந்த மாலைப் பூசைகளில் பாதியை அருமைநாயகியும் அவளுக்குத் தெரிந்தவர்களும் பிடித்துவிட்டார்கள்.

“உம்மட பேரிலையும் ஒண்டு போடுறன்.”

“நாங்கள் சைவமெல்லே அக்கா.”

“பந்துக்கு வேதம் சைவம் இருக்கே?”

யோகமலருக்கும் மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஈஸ்ட் ஹாம் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

“கேள்ஸ் ஃபுட்போல் ரீம், ஐயா.”

“நட்சத்திரம்?”

“அவை பதினொரு பேர், ஐயா.”

ஐயர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப சுவாமி பேருக்கே செய்துவிடுவம்.”

தேவாலயத்தில் முதல் நாள் சுவாமியார், “கொலிஜின் பெண்கள் உதைபந்தாட்டக் குழுவுக்காக” என்று வாசித்தபோது சனம் திரும்பிப் பார்த்தது. அடுத்த நாளும் அதே கருத்து. அதற்கடுத்த நாளும் அதுவே. பூசை முடிந்து வாசலில் போலந்துக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பிள்ளைகளில் யார் இறந்தது என்று மெல்லக் கேட்டார்.

“ஒருத்தரும் சாகேல்லை. சாகவிடப் போறதுமில்லை,” என்றாள் அருமைநாயகி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். பிறகு விசயத்தைச் சொன்னாள். நைஜீரியத் தாய் ஒருத்தி, தன் மகளும் அந்த ரீமில்தான் என்று கொதித்தாள். வாசலில் நின்ற எல்லாரிடமும் அருமைநாயகிக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது: வருகிற புதன்கிழமை கடைசி ஆட்டம், வாங்கோ.

கௌசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அம்மா, திஸ் இஸ் சோ எம்பரசிங். எங்களுக்கு என்ன நோய் வருத்தம் எண்டு கோச் கேக்கிறா.”

புதன்கிழமை மைதானத்தின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பிலிப்பினோ நேர்ஸ்மார் யூனிபோமோடு வந்தார்கள். கேரளக் குடும்பம் ஒன்று குடையோடு வந்தது. யோகமலரின் புருசன் கிருஷ்ணராசா பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அந்தக் கடை பகலில் பூட்டியதை ஒருவரும் கண்டதில்லை. சுவாமியாரும் வந்து பின்னுக்கு நின்றார்.

அருமைநாயகி முன்னுக்கு வந்து கையை உயர்த்தினாள். தேவாலயப் பிரார்த்தனையில் ஒருவர் முன்னுக்குச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வதுபோல, “ஜெனோஜா!” என்று கூவினாள்.

“அடி மோனை!” என்று தமிழர் பதில் சொன்னார்கள். இரண்டாம் தரம் போலந்துக்காரரும் நைஜீரியரும் சேர்ந்துகொண்டார்கள். ‘மோனை’ என்றால் ‘பிள்ளை’ என்று தெரியாவிட்டாலும் உச்சரிப்பில் குறை இல்லை. “கௌசி!” “பிடி மோனை!” ரெஃப்ரிக்கு இந்தமுறை யாருடைய பெயரை எழுதுவது என்று தெரியவில்லை.

மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. கொஞ்ச நேரத்தில் பிரின்சிபல் அம்மா இறங்கி வந்தார். இவ்வளவு பேருக்கு ஆர்வம் இருப்பது தனக்குத் தெரியாது என்றார். அருமைநாயகி ஜெர்மனும் இங்கிலீஷும் கலந்து ஒரு பாட்டம் பொழிந்தாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற யோகமலர் ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

“என் மகள் வெளியில் பேசமாட்டாள், மேடம். இங்கே மட்டும்தான் பேசுவாள்.” நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னாள்.

கோலுக்குள் நின்று கௌசி, ஆளை விட்டுவிட்ட தடுப்பாட்டக்காரியை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். பிரின்சிபல் அந்தப் பக்கம் திரும்பி, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றார்.

ஆட்டம் தோல்விதான். அருமைநாயகியைத் தவிர ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஜூன் மாதம் பதில் வந்தது. ரீம் தொடரும். ஆனால் பெற்றோர் பக்கத்திலிருந்து பொறுப்பான ஒருவர் புதன்கிழமை தோறும் பிள்ளைகளோடு வரவேண்டும். யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: ரீமுக்குப் பொறுப்பாளர் ரெஃப்ரியை ஏசக்கூடாது.

“இதென்ன ஞாயம் பிள்ளை? வாயைக் கட்டிப்போட்டுப் பந்து பார்க்கிறதே?”

“நீங்கள் பேசாமல் நில்லுங்கோ அக்கா,” என்றாள் யோகமலர். “நான் கத்துறன்.”

சொன்னபடி கத்துகிறாள். சத்தம் கடைவரைக்கும் கேட்கிறது என்று கிருஷ்ணராசா நக்கலடிப்பதுண்டு. கௌசி இரண்டாம் வருசமும் கோலுக்குள்தான்.

அருமைநாயகி இல்ஃபோர்ட்டில் இருக்கிறாள். காலையில் முதியோர் இல்லக் குசினியில் வேலை. புதன்கிழமை பின்னேரங்களில் கொலிஜ் மினிபஸ்ஸில், ட்ரைவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து, பிள்ளைகளோடு ஆட்டத்துக்குப் போகிறாள்.