நாலாவது பூஜ்யம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார் அத்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசு லேபிள் எண்ணிக் கட்டுகிறவளுக்கு, அச்சில் பிழை ஏறினால் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரியும். மூன்று நாள் தள்ளிப்போட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா ஆமத்தூரில் பிறந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா மூச்சுக்கோளாறில் படுத்த பிறகு, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். அக்கா படித்துக் கணக்கு டீச்சர் ஆனார். நான் படிப்பை விட்டது வறுமையால் என்றே சொந்தக்காரர்கள் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது இல்லை. ஒருநாள் வகுப்பில் நூறை நூறால் பெருக்கச் சொன்னார்கள். எழுந்து நின்று "ஆயிரம்" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தேன். அந்த வயிற்றுவலி தீரவே இல்லை.

அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க ஒருமுறை அவர் பள்ளிக்குப் போனேன். சன்னல் வழியே வகுப்பைப் பார்த்தேன்.

"யாரும் வாயத் தெறக்கக் கூடாது. கண்ண மூடுங்க. இருபதை இருநூறால பெருக்கணும். பூஜ்யத்த எல்லாம் ஓரமா உக்கார வையி. ரெண்டு ரெண்டு நாலு. இப்பப் பூஜ்யத்தத் திரும்பக் கூப்பிடு. கையக் காட்டு."

பிள்ளைகள் நாலு விரல் காட்டினார்கள். பிறகு ஒரு பூஜ்யத்துக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை கையைப் பொத்தித் திறந்தார்கள்.

"டீச்சர், இவன் கண்ணத் தொறந்து பாக்கான்!"

"ஏலே, அது ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

தப்பாகக் காட்டியவர்களின் பேரை அக்கா சொல்லவில்லை. பக்கத்தில் போய், அந்தக் கையைப் பிடித்து, விட்டுப்போன பூஜ்யத்துக்கு ஒரு தடவை பொத்திவிட்டு நகர்ந்தார். அடுத்தவருக்குத் தெரியாது.

"இத யாருக்கா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"நீதான்டி" என்றார். தூக்கைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

என் பயங்களை எல்லாம் பொறுத்துக்கொண்டவர் அவர். எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் பட்டாசு ஆலைதான் வெடித்துவிட்டதோ என்று அவருக்குப் போன் போட்டுவிடுவேன். "அது கோயில் வேட்டுடி, வேலையப் பாரு" என்பார். ஒருதடவைகூட எடுக்காமல் இருந்ததில்லை.

ஓய்வுபெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போயின. அவருக்கு ஏதாவது புரிகிறதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அத்தானுக்கும் எனக்கும் அதுதான் தாங்கவில்லை. அக்கா உள்ளே இருக்கிறாரா, இல்லையா? "நான் யாருன்னு தெரியுதாக்கா?" என்று எத்தனையோ தடவை கேட்டேன். கண் மேலேயே பார்த்திருந்தது. கடைசியில் என்னை அறியாமல் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"அக்கா, நூறை நூறால பெருக்குனா எம்புட்டு?"

இடது கை மெல்ல எழுந்தது. ஒரு விரல். பிறகு கை பொத்தித் திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், இங்கன வாங்க! அக்கா ஆயிரம்னு சொல்லுது!"

அக்கா என் கையைப் பிடித்தார். என் விரல்களை மடக்கி, இன்னொரு தடவை பொத்திவிட்டார்.

"நாலு பூஜ்யம். பத்தாயிரம்" என்றார் அத்தான். அழுதுகொண்டே சிரித்தார். "இம்புட்டு வருசம் கழிச்சும் அதே தப்பா தாயி!"

பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அக்காவின் வாய் ஒரு ஓரமாகச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நான் எழுந்து ஓடவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த இரண்டு மாதமும் நாங்கள் கையாலேயே பேசிக்கொண்டோம்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டார், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்கள், இருக்கன்குடிக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு நடந்த பழைய மாணவிகள், கடைசி நாளில் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. யாரையாவது விட்டிருப்பேன் என்ற பயம் இப்போதும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனதை ஊருக்குச் சொல்லாமல் கையைப் பிடித்துப் பொத்திவிட அக்கா இல்லை.

— தங்கை