நூறு டிகிரியில் ஒரு சமையலறை

அலமாரிக் கம்பெனியில் அவளை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சர் அனுப்பும் அளவுத் தாளில் "ஏறக்குறைய அறுநூறு" என்று இருந்தால் அவள் படம் போட மாட்டாள். "ஏறக்குறையில் எப்படி ஆணி அடிப்பது?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள். வயது நாற்பத்து மூன்று. ஒன்பது ஆண்டுகளாக அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளை வரைகிறாள். இன்னும் கட்டாத அலமாரியைக் கட்டி முடித்ததுபோல, ஜன்னல் வெயில் விழ, குழாய் பளபளக்க, கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் தலையாட்டுவார். அவளுடைய சொந்தச் சமையலறையில் ஒரு கதவு கீல் கழன்று பத்து மாதமாகத் தொங்குகிறது.

இப்படி வீட்டிலிருந்து வரைகிறவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் பெண்கள். கம்ப்யூட்டரைக் கம்பெனிதான் கொடுத்தது. பன்னிரண்டும் ஒரே அச்சு. காலையில் வரும் சமையலறைக்கு மாலை நான்கு மணிக்குள் ஆறு படம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் தாமதக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இந்தக் கோடையில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் போய்விட்டன. மில்லிமீட்டரின் கையில் இப்போது இரண்டு கடிதங்கள்.

இரண்டாவது கடிதத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள் "வீட்டுப் பணிகளால் கவனச் சிதறல்" என்று இருந்தது. மேலாளர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? ஆண் தாமதமானால் வண்டி பழுதா, வழியில் நெரிசலா, மின்சாரம் போனதா என்று நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். பெண் தாமதமானால் பக்கத்திலேயே அடுப்பு இருக்கிறது. விசாரணை முடிந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"என்ன சிதறிச்சாம்?"

"கவனம்."

"எங்க?"

"அடுப்புல."

"அடுப்பப் பத்த வைக்கிறது நான்தானே?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். படத்துக்கு வேண்டியதையெல்லாம் வரைந்து முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் மீதியைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. போன ஆண்டு ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. இப்போது ஐம்பது நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் அவள் கவனம் அடுப்பில் இருந்தால் என்ன, ஆகாயத்தில் இருந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். டெலிபோன் கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் சண்டை போடுகிறவன். சூட்டைக் காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னான். அறுபது, எண்பது, தொண்ணூற்றைந்து, நூறு. நூறை நெருங்கியதும் வேகம் பாதியாக விழுந்தது.

"அண்ணி, இது பிராசஸர் இல்ல, இஸ்திரிப்பெட்டி."

"ஏன் வேகம் குறையுது?"

"கருகிடக் கூடாதுன்னு தானா மெதுவா ஓடும். உயிருக்குப் பயந்து."

"கெட்டிக்காரத்தனம்தான். கடிதம் எனக்கு வருது."

"கூட வந்த கூலர், அதான் பிராசஸர் மேல உக்காந்து சூட்ட இறக்குற விசிறி, உள்ளங்கை அளவுதான் அண்ணி. இந்தக் கோடைக்கு அது எந்த மூலைக்கு? தண்ணி ஓடுற கூலரா போடுங்க. லைட்டெல்லாம் மாறி மாறி எரியும்."

"லைட் எரிஞ்சா சூடு குறையுமா?"

"குறையாது. மனசுக்கு ஒரு தெம்பு."

அவள் எண்களை எழுதி மேலாளருக்கு அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. மற்ற யாரும் புகார் சொல்லவில்லை என்றும், விரும்பினால் சொந்தச் செலவில் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் இருந்தது. சொந்தச் செலவு என்றதுமே தண்ணீர் ஓடும் கூலர் போட்டியிலிருந்து விலகிவிட்டது. அந்த விலைக்கு இன்னொரு பழைய கம்ப்யூட்டரே வாங்கலாம்.

கடைக்குப் போகுமுன் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பிராசஸரின் மேல்பரப்பிலிருந்து தகடு வரை எவ்வளவு இடம் என்று இரும்பு ஸ்கேலால் மூன்று தடவை அளந்தாள். நூற்றைம்பத்தெட்டு. கணவன் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நடக்க வேண்டிய அகலத்தில் இருந்தது. கடைக்காரர் நல்லபடியாகவே ஆரம்பித்தார்.

"என்ன கேம் ஆடுறீங்க மேடம்?"

"அலமாரி."

"புதுசா வந்திருக்கா?"

"அலமாரி வரையறேன். பிராசஸர் அறுபத்தஞ்சு வாட். முழு வேகத்துல ரெண்டு மடங்கு இழுக்கும். நூத்தி அம்பத்தெட்டு மில்லிமீட்டருக்குள்ள உயரம் இருக்கணும்."

அவர் கடையிலேயே பெரியதை எடுத்து வைத்தார். இரட்டைக் கோபுரம், இரண்டு விசிறி. "இருநூத்தம்பது வாட் தாங்கும் மேடம்."

"எந்த ரூம்ல வச்சு அளந்தது?"

"அட்டையிலயே போட்டிருக்கே."

"எங்க அலமாரி அட்டையிலகூட வாழ்நாள் முழுக்கன்னு போடுறோம். யாரோட வாழ்நாள்னு போடறதில்ல. உயரம் எவ்வளவு?"

"நூத்தி அறுவத்தஞ்சு. ஏழு மில்லிமீட்டர்தானே மேடம் கூட, பாத்துக்கலாம்."

கூட வந்திருந்த கணவன் கூரையைப் பார்த்தான். ஏழு மில்லிமீட்டரைப் 'பாத்துக்கலாம்' என்று அவளிடம் சொன்னவர்களின் கதையெல்லாம் அவனுக்குத் தெரியும்.

பெரியது அலமாரித் தட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்து வந்ததில் விளக்கு இருந்தது. விளக்கில்லாத அதன் உடன்பிறப்பு முக்கால் விலை. அவள் விளக்கில்லாததைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். நான்கு செம்புக் குழாய்கள், நான்கும் அடித்தட்டைத் தொட்டன. ஒரு பெரிய விசிறி. உயரம் நூற்று நாற்பத்தெட்டு. தன் கம்ப்யூட்டர் போர்டில் அதை மாட்டுவதற்கான கொக்கி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"லைட் உள்ளதே எடுத்துக்கங்க மேடம், பார்க்க லட்சணமா இருக்கும்."

"மேசைக் கதவுக்குள்ள மூடி வைக்கப்போறேன். யார் பார்க்கிறது?"

"அப்ப லைட் வேண்டாம்," என்று அவர் நியாயமாக ஒத்துக்கொண்டார். அந்த இடத்தில் மூவரில் யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பணம் கொடுக்கும்போது கடைக்காரர் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை நீட்டினார். "இத பெட்டி மேல ஒட்டிட்டா சூட்டையும் கதிரையும் இழுத்துக்கும். நிறைய பேர் வாங்குறாங்க."

"இழுத்து எங்க வச்சுக்கும்?"

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். இத்தனை நாள் விற்றும் அந்தக் கேள்வியை அது அவரிடம் கேட்டதில்லை. டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டார்.

பொருத்தியது கணவன். திருகாணிகளை ஒன்றுக்கு எதிர் மூலையில் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். லிஃப்ட் மோட்டாருக்கும் அப்படித்தானாம். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பசை விஷயத்தில்தான் தகராறு.

"இவ்வளவு போதும்னா எப்படி? கிரீஸ்ல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது."

"இது கிரீஸ் இல்ல. இடுக்க நிரப்பினா போதும். மொச்சைக்கொட்டை அளவு."

"மொச்சைக்கொட்டைக்கு மில்லிமீட்டர் கிடையாதா?"

அவள் பசைக் குழலின் மூடியைத் திருகி மூடினாள். அது நல்ல கேள்வி.

தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அறுபத்தெட்டு டிகிரியில் நின்றது. அரைமணி நேரம் போயும் அசையவில்லை. கணவன் தானே கண்டுபிடித்ததுபோல் மார்பில் கைகட்டிக்கொண்டு நின்றான். கம்ப்யூட்டரைத் தூக்கி மேசைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடை தொடங்குமுன் கம்பெனி தன் ஆண்டுவிழாவுக்குப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்த பரிசு. கம்பெனியே செய்தது. கம்ப்யூட்டர் கண்ணில் படாமல் இருக்க ஒரு பக்கம் கதவுபோட்ட அறை. பின்னால் முழுப் பலகை. கம்பி போக விரல் நுழையும் ஒரே துளை. கதவு காற்றுகூடப் புகாதபடி அச்சாக மூடும். அலமாரிக்காரர்களுக்கு அதுதான் பெருமை. திறந்த கதவைக் கண்டால் அவர்களுக்குக் கை அரிக்கும். போகிற போக்கில் சாத்திவிட்டுத்தான் போவார்கள். மில்லிமீட்டரும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை நான்காவது படம் நாற்பது நிமிடம் தாண்டியது. புரோகிராமைப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. குனிந்து கதவைத் திறந்தாள். ரொட்டி அடுப்பைத் திறந்ததுபோல் வெக்கை முகத்தில் அடித்தது. புது விசிறி பாவம், அதே வெந்த காற்றை எடுத்து அதே செம்பின்மேல் ஊதிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தபடி விட்டாள். ஆறாவது படம் மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விடுமுறை. பழைய கூலரைத் திரும்பப் பொருத்தச் சொன்னபோது கணவன், "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்றான். ஆனாலும் செய்தான். ஒரே சமையலறையை நான்கு விதமாக ஓட்டினார்கள். பழைய கூலர், கதவு மூடி: நூறு. புதியது, மூடி: தொண்ணூற்றேழு. பழையது, திறந்து: எண்பத்தாறு, வேகம் குறையவில்லை. புதியது, திறந்து: அறுபத்தெட்டு.

கணவன் தாளை எட்டிப் பார்த்தான். "அப்ப கூலர் வாங்கினது?"

"நல்லது. ஆனா கதவத் திறந்திருந்தா வேண்டியிருக்காது."

"கதவத் திறக்க எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"சந்தையிலயே மலிவான கூலர் அதுதான்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பழைய படங்களைத் தேடி, மேசையின் வரைபடத்தைத் திறந்தாள். கீழ் மூலையில் இரண்டு கட்டம். 'ஒப்புதல்' என்பதில் மேலாளரின் கையெழுத்து. 'வரைந்தவர்' என்பதில் அவளுடையது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். அதை அவள்தான் இரண்டிலிருந்து குறைத்திருந்தாள். காற்று என்று ஒன்று இருப்பது அந்தத் தாளில் எங்குமே தெரியவில்லை.

பட்டியலிலிருந்து போன இருவரில் ஒருத்தியைக் கூப்பிட்டாள். அவள் போனபோது, கொஞ்சம் மந்தம்தான் என்று மில்லிமீட்டரே மனதுக்குள் நினைத்தது உண்டு.

"மேசைக் கதவ மூடித்தான் வச்சிருந்தியா?"

"ஆமாக்கா. பின்ன, திறந்தா போட்டு வைப்பாங்க?"

"எப்பத்திலேருந்து மெதுவாச்சு?"

"மேசை வந்த வாரம். கோடைன்னு நெனச்சேன். அப்புறம் எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். மாமியாரும் அதத்தான் சொன்னாங்க." அவளுக்கு முப்பத்தொன்று. "இப்ப ஒரு பேக்கரியில இருக்கேன்க்கா. அங்க சூடா இருந்தா அடுப்புதான் காரணம்னு ஒத்துக்கிறாங்க."

போனை வைத்துவிட்டு மில்லிமீட்டர் மேலாளருக்கு மடல் எழுத உட்கார்ந்தாள். கணவன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"உன் கதவத் திறந்து வச்சுக்க. உனக்குக் கடிதம் வராது. யாருக்கும் எதுவும் தெரியாது."

"மத்த ஒம்பது பேரு?"

"அவங்களுக்குப் போன்ல சொல்லிடு."

"போன ரெண்டு பேரு?"

அவன் இரண்டாவது கடிதத்தை எடுத்து மறுபடி திருப்பிப் பார்த்தான்.

"கடிதத்துல 'கவனச் சிதறல்'னு எழுதியிருக்கு. அது பொய்னு எழுத்துல இருக்கணும். எழுதணும்னா மேசை வரைஞ்சது யாருன்னும் எழுதணும்."

"மூணாவது கடிதம் அதுக்கே வருமே."

"வரும்னுதான் தோணுது," என்றாள். நான்கு எண்களையும், வரைபடத்தையும், இரண்டு கையெழுத்தையும் மேலாளருக்கும் மற்றப் பதினொரு பெண்களுக்கும் ஒரே மடலில் அனுப்பினாள். முதல் வரி: "மேசையை வரைந்தது நான்."

மறுநாள் பதினோரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் ஏன்மா அனுப்பினீங்க? என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட மட்டும் சொன்னேன் சார். மத்த யாரும் புகார் சொல்லலைன்னு சொன்னீங்க."

"இப்ப ஒம்பது பேர் கதவ மூடி ஒண்ணு, திறந்து ஒண்ணுன்னு நம்பர் எடுத்து அனுப்பியிருக்காங்க."

"இப்ப சொல்லிட்டாங்க சார்."

"மேசை நீங்க வரைஞ்சதுதானே?"

"ஆமா சார். பக்கத்துல 'ஒப்புதல்' கட்டத்தையும் பாருங்க."

லைன் துண்டானது.

நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. அந்த நான்கு நாளும் அவள் ஆறு படத்தையும் மூன்று மணிக்குள் அனுப்பினாள். ஐந்தாம் நாள் ஒரு தச்சர் வந்து மேசையின் பின்பலகையில் கையகலத்துக்கு இரண்டு துளை போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு முகவரி கேட்டுக்கொண்டு போனார். கம்பெனியின் உறை ஒன்றையும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கோடையில் கொடுத்த தாமதக் கடிதங்கள் எல்லாம் "பருவநிலையை முன்னிட்டு" ரத்து. நீக்கப்பட்ட இருவரும் திரும்பலாம். மில்லிமீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம். காரணம்: "வடிவமைப்பில் கவனக்குறைவு."

கணவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். "இதுக்குச் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா?"

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ணாயிருக்கு."

"ஆனா இது சரிதானே? நீதானே வரைஞ்ச?"

"சரிதான். ஒம்பது வருஷத்துல காரணம் சரியா எழுதியிருக்கிற மொத கடிதம்."

பேக்கரிக்காரி திரும்பி வரவில்லை. மற்றவள் வந்தாள்.

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மில்லிமீட்டர் கையெழுத்துப் போட்டாள். கீழே இடம் மீதி இருந்தது. "தவறு என்னுடையது, ஏற்கிறேன். ஒப்புதல் அளித்தவருக்கான கடிதத்தின் நகல் இத்துடன் இல்லை. தவறிவிட்டதா?" என்று எழுதி, உறையில் போட்டு, ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். பிறகு காலையில் வந்திருந்த சமையலறையைத் திறந்தாள். அளவுத் தாளில் தச்சர் "சுமார் எண்ணூறு" என்று எழுதியிருந்தார். அதையும் திருப்பி அனுப்பினாள்.