அரைக்கண் லாரி

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் செங்கோடன் என்று கேட்டால் எந்தச் செங்கோடன் என்பார்கள். லாரிக்காரச் செங்கோடன் என்றால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். அவனிடம் லாரி கிடையாது. ஓட்டவும் தெரியாது. அந்த நாளில் கொல்லிமலைக்கு வண்டி ஏறும் ரோடே இல்லை. சேந்தமங்கலத்துக்குத் தலைச்சுமையோடு இறங்கி, தலைச்சுமையோடு ஏற வேண்டும். அப்படிப்பட்ட மலையில் கட்டையில் லாரி செய்து, வர்ணம் பூசி, வீட்டுப் பரணில் நிறுத்தி வைத்திருந்தான். அதனால் வந்த பெயர் அது.

ஆள் சும்மா திரிகிறவன் இல்லை. சாமை, ராகி, கொஞ்சம் மிளகு என்று காடு இருந்தது, மாடாய் உழைப்பான். உழைத்து முடித்துக் கஞ்சி குடித்தால் கத்தியும் சிற்றுளியும் எடுத்து உட்கார்ந்துவிடுவான். ஊரில் சிலர் கள்ளுக்குப் போனார்கள், சிலர் சேவல் கட்டினார்கள். இவனுக்கு இது.

முதலில் செய்ததெல்லாம் குத்துமதிப்பு. ஒரு லாரியின் மூக்கு நீண்டு, பின்பக்கம் சூம்பிப்போய் நின்றது. அவன் பெண்டாட்டி பெருமாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பன்னிக்குச் சக்கரம் வெச்சிருக்கீங்களா?" என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. அதை அடுப்பில் போட்டுவிட்டான்.

அடுத்த சந்தைக்கு மிளகு சுமந்து இறங்கியவன், சேந்தமங்கலத்தில் பலாப்பழம் ஏற்ற நின்றிருந்த லாரியைச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் பழனிமுத்து தலையை நீட்டினான்.

"என்ன கவுண்டரே, லாரிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"இல்லீங்க. இதே மாதிரி ஒண்ணு செய்யப் போறேன்."

"செய்யுங்க, செய்யுங்க. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. இந்தச் சனியன் பாதி வழியில நின்னுபோச்சுன்னா அதுல ஏறிப் போயிக்கிறேன்."

கேலி செய்தாலும் பழனிமுத்து நல்லவன். அடியில் குனிந்து பார்க்கவும் விட்டான். நிஜத்தில் ஒரு சாண் என்றால் கட்டையில் ஒரு விரல் என்று செங்கோடன் கணக்கு வைத்துக்கொண்டான். அளந்ததையெல்லாம் நாரில் முடிச்சுப் போட்டு மடியில் செருகிக்கொண்டு மலையேறினான். நீளத்துக்கு ஒரு நார், அகலத்துக்கு ஒரு நார், சக்கரத்துக்கு ஒரு நார்.

மிளகுக்கொடி ஏற்றும் முள்ளுமுருங்கைதான் மரம். செதுக்க வெண்ணெய் போல இருக்கும். சொரசொரப்பான பிராய் இலை போட்டுத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். முகப்புக் கண்ணாடிக்குக் காக்காப்பொன் என்கிற மைக்காத் தகடு. சக்கரத்துக்குக் கிழிந்த சைக்கிள் டியூப். வர்ணம்தான் அவனைப் படுத்தியது. பழனிமுத்து வண்டி பச்சை. அவரையிலைச் சாறு பூசினான், நாலு நாளில் சாணி நிறமானது. கடைசியில் பழனிமுத்துவே ஒரு டப்பாவின் அடியில் காய்ந்து கிடந்த பச்சைப் பெயின்டைத் தூக்கிக் கொடுத்தான். அதை மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்துப் பூசி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மெருகு போட்டதும், சூடம் காட்டி ஓட்டிவிடலாம் என்பது போல நின்றது லாரி.

விளக்குக்கு இரண்டு ஈயத்தாள் வட்டம் வெட்டி ஒட்டினான். அவற்றின் மேல்பாதிக்கு விளக்குக்கரி குழைத்துக் கறுப்புப் பூசினான். லாரியில் அப்படித்தான் இருந்தது. அவன் லாரியை நின்று பார்க்க ஆரம்பித்ததே ஜப்பான்காரன் சண்டை வந்த பிறகுதான். அப்போது ஓடிய எல்லா லாரிக்கும் பஸ்ஸுக்கும் விளக்கின் மேல்பாதி கறுப்பு. மாட்டுக்குக் கொம்பு மாதிரி லாரிக்கு இது போல என்று நினைத்துக்கொண்டான்.

இந்த லாரியைத்தான் அத்தாயி கேட்டு வந்தாள். பக்கத்து வீட்டு விதவை. அவளுடைய ஒரே மகன் ராசப்பன் கீழே போய் லாரியில் கிளீனராக இருந்து, ஓட்டக் கற்று, பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து எங்கேயோ அசாம் பக்கம் போய்விட்டான். போய் ஒரு தகவலும் இல்லை.

"தம்பி, கருப்பனாருக்கு லாரி வெக்கறேன்னு நேந்துக்கிட்டேன்" என்றாள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அங்கே சாமிக்கு உருவாரம் வைப்பது வழக்கம். மாட்டுக்குச் சீக்கு என்றால் மண்ணில் மாடு, கால் வலி என்றால் மண்ணில் கால். கீழே இருக்கிற குயவர் செய்து தருவார். கருப்பனார் மரத்தடியில் வைத்து, கண் உள்ளதற்குப் பூசாரி கண் திறந்துவிட்டால் அது சாமியுடையது. பிறகு யாரும் தொடக் கூடாது. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மண்ணோடு மண்ணாகப் போகவேண்டியதுதான்.

"வெய்யக்கா. கொசவர்கிட்டச் சொல்லு" என்றான் செங்கோடன்.

"சொன்னேன் சாமி. தொட்டியாட்டம் ஒண்ணச் செஞ்சு நீட்டுறாரு. தண்ணி ஊத்தினா மாடு வந்து குடிக்கும்."

செங்கோடன் சிரித்துவிட்டான். "சரி, நானே ஒண்ணு செஞ்சு தாரேன்."

"வேற எதுக்கு? நேந்துக்கறப்பவே, செங்கோடன் ஊட்டுப் பரண்ல நிக்கிற லாரின்னு சொல்லிப்போட்டேனே."

அவன் சிரிப்பு நின்றது. "என்னக் கேக்காம என்ற லாரிய எப்படி நேந்துக்குவ? உன்ற மாட்ட நான் நேந்துக்கிட்டா உடுவியா?"

"உன்ற மவன் உசுருக்குன்னு கேட்டா உடுவேன்."

அவள் போன பிறகு கத்தினான். பெருமாயி அசையவில்லை.

"சாமிக்குன்னு பேரு சொன்ன பொருள ஊட்டுல வெச்சிருக்க முடியாதுங்க. நாளைக்கு ஊருக்குள்ள ஒரு ஆடு செத்தாலும் உங்க லாரிதான் முட்டிச்சும்பாங்க. குடுத்துப்போடுங்க."

"ரெண்டு வருசத்துப் பாடுடீ."

"இன்னும் ரெண்டு வருசம் பாடுபடுங்க. யாரு வேண்டாங்கறது?"

சரி என்று ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டானே தவிர மனசு ஆறவில்லை. முதல் மழையிலேயே கட்டை ஊறிவிடும், கரையான் ஏறும் என்று அவனுக்குத் தெரியாதா?

சின்னக்கண்ணுப் பூசாரி லாரியைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்து, முன்னால் குந்தி உட்கார்ந்து, விளக்கையே பார்த்தார்.

"ஏப்பா செங்கோடா, இதுதான கண்ணு?"

"ஆமாங் மாமா."

"பாதிதான் தெறந்திருக்கு. தூங்கறதக் கொண்டாந்து சாமி முன்னால வெப்பாங்களா? அந்தக் கறுப்ப அழிச்சுப்போடு."

"அழிக்க மாட்டேனுங்க. லாரிக்குக் கண்ணு அப்படித்தான்."

"நான் முழுசாக் கண்ணு தெறக்கோணும். அரைக்கண்ணோட சாமி ஏத்துக்காது."

"இல்லாதத எழுதினா அது லாரியே இல்லீங்க. தொட்டியவே வெச்சுக்கச் சொல்லுங்க."

செங்கோடன் சொன்னது நியாயம்தான். ஆனால் அவன் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியதும் நிஜம். பூசாரி பிடிவாதக்காரர், தானும் பிடிவாதக்காரன், லாரி பரணிலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டான். அத்தாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். கடைசியில், கீழே போய் டிரைவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன் என்று செங்கோடன் மார்தட்டிக்கொண்டு இறங்கினான்.

பழனிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொறக்கறப்பவே கறுப்பாவா பொறந்துச்சு? நான்தான் பூசினேன். சர்க்கார் உத்தரவு. மேல ஏரோப்ளேன்ல வர்றவன் வெளிச்சத்தப் பாத்தான்னா குண்டு போட்டுருவான். சண்டை முடிஞ்சா சொரண்டி எறிஞ்சுருவேன்."

செங்கோடனுக்கு முகம் செத்துப்போயிற்று. மலையேறும்போது, சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தான். வழி பூராவும் அதையே நினைத்தான். ஏற்றம் முடிகிற இடத்தில், புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அத்தாயி காத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை.

"நான் சொன்னது தப்புக்கா. அடியில முழுக்கண்ணுதான். கறுப்பு மேல பூசினது" என்றான்.

மறுநாள் பூசாரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்தார். "அப்பவே சொன்னேனா இல்லியா? எடு கத்திய, சொரண்டு."

செங்கோடன் கத்தியை எடுத்தான். அத்தாயி குறுக்கே வந்தாள்.

"இரு தம்பி. எதுக்குப் பூசுறாங்களாம் அத?"

அவன் ஏரோப்ளேன் கதையைச் சொன்னான். சொல்லி முடிக்கவில்லை, அவள் இரண்டு கையாலும் லாரியின் விளக்கை மூடிக்கொண்டாள்.

"சொரண்டாத சாமி! என்ற மவன் வண்டிக்கு வெளிச்சம் தெரியக் கூடாது!"

"அட, இது கட்ட லாரி ஆத்தா" என்றார் பூசாரி.

"மண்ணு மாட்ட நேந்துக்கிட்டு வெச்சா நெச மாட்டுக்குச் சீக்கு போவுதில்ல? இதுக்குக் கண்ணத் தெறந்தா அதுக்கும் தெறந்துக்காதா?"

பூசாரி காலமெல்லாம் சொல்லி வந்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சரி. மவன் வந்து சேரட்டும், அன்னிக்குக் கண்ணு தெறக்கலாம். அதுவரைக்கும் செஞ்சவன் ஊட்டுல இருக்கட்டும். ஆனா செங்கோடா, இது சாமி பொருளு. கத்தியோ வர்ணமோ பட்டுச்சு, அப்பறம் பாத்துக்க."

லாரி பரணுக்கே திரும்பியது. செங்கோடனுக்கு லாபம் என்றுதான் முதலில் பட்டது. தினமும் படுத்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ராசப்பன் வரும்வரை அது எங்கேயும் போகாது.

அந்தக் கணக்கில் இருந்த விஷம் அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து ஏறி வந்த ஒருவன், காக்கி உடுப்புப் போட்ட ஆள் ஒருத்தர் பின்னால் வருகிறார் என்று சொன்னான். அத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். செங்கோடன் அண்ணாந்து பரணைப் பார்த்தான். வந்தது ராசப்பன் இல்லை, காட்டிலாகாக் காவலர். அத்தாயி திரும்பி வந்து வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்தபோது அவனுக்குள்ளே "அப்பாடா" என்று ஒரு குரல் வந்தது.

வந்ததும் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெத்தவள் வயிறு காய்வதில் தனக்கு நிம்மதியா? லாரியின் மேல் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டான். அந்தப் பக்கம் கண் போகும்போதெல்லாம் உடம்பு கூசியது.

"என்னாச்சுங்க, லாரிக்குக் குளிருதா?" என்று பெருமாயி கேட்டாள்.

மறுநாள் காட்டுக்குப் போகிற வழியில் கருப்பனார் மரத்தடியில் நின்றான். சாமியிடம் பேசிப் பழக்கமில்லாதவன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அந்தப் பையனக் கொண்டாந்து உடு. என்ற கையாலயே சொரண்டித் தாரேன். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்று சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். காட்டுக்குள் எதிர்ப்பட்டால் அத்தாயியிடம், "தகவல் வந்துச்சாக்கா?" என்று அதன் பிறகுதான் அவனால் முகம் பார்த்துக் கேட்க முடிந்தது.

சண்டை முடிந்து அடுத்த வருஷம் ராசப்பன் வந்தான். இடது கையில் இரண்டு விரல் இல்லை. மற்றபடி ஆள் முழுசாக வந்தான். அத்தாயி அவனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குக் கூட்டி வந்தாள். செங்கோடன் லாரியைத் தலையில் வைத்து எடுத்துவந்தான்.

ராசப்பன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஸ்டியரிங்கு கூட வெச்சிருக்கீங்களே! சுத்துமா?" என்றான்.

"சுத்தும். சுத்தாத."

பூசாரி தேங்காய் உடைத்தார். கண் திறக்கும் கத்தியை அவரிடமிருந்து செங்கோடன் கேட்டு வாங்கிக்கொண்டான். தன் கையாலேயே சுரண்டுவதாகச் சொன்ன பேச்சு அவனுக்கும் கருப்பனாருக்கும் மட்டும்தான் தெரியும். ஈயத்தாள் கிழியாமல் கறுப்பை மெதுவாகச் சீவினான். ஒரு கண், பிறகு மற்றது. பூசாரி சூடம் காட்டினார். அத்தாயி விழுந்து கும்பிட்டாள். அதோடு லாரி மண் குதிரைகளின் நடுவில் நின்றது.

சித்திரை மழைக்கு மெருகு தாங்கியது. ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. பச்சை உரிந்தது, ஒரு சக்கரம் கழன்று சாய்ந்தது. காட்டுக்குப் போகிறபோது செங்கோடன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான். சக்கரத்தை மாட்டக் கை பரபரக்கும். தொடமாட்டான். மண்வெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவான்.