டேப் அக்காவின் தடம்

அளவு டேப்பை விரிப்பதற்கு முன் அக்கா குனிந்து ஆள்காட்டி விரலைச் சேற்றில் குத்துவார். இரண்டாவது கணு வரை தடையில்லாமல் இறங்கினால் முகம் சுருங்கும். முதல் கணுவிலேயே வேர் தடுத்தால், "அப்பாடா, இருக்கு" என்பார், தேடிப் போன ஆள் வீட்டில் இருந்ததுபோல. பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். எந்தச் சட்டையானாலும் இடது பக்கம் ஒரு சாம்பல் கறை உண்டு.

தெருவில் எல்லோருக்கும் அவர் டேப் அக்கா. வயது ஐம்பத்து மூன்று. வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் உப்புச் சதுப்பின் விளிம்பு எவ்வளவு இடிகிறது என்று, கரையோர அலுவலகத்துக்காகப் பதினோரு வருடமாக வாராவாரம் அளந்து எழுதுகிறார். சேற்றில் வரிசையாக நட்டிருக்கும் ஒவ்வொரு இரும்புக் கம்பியிலிருந்தும் விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் மிச்சம்? அவ்வளவுதான் வேலை. ஆனால் தண்ணீர் வற்றியிருக்கும் மூன்று மணி நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். பூட்ஸைச் சேறு பிடித்துக்கொண்டால் ஒற்றைக் காலில் நின்று அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அவர் வேலையைப் பார்க்க நான் கூடப் போன அன்று இரண்டு முறை மல்லுக்கட்டி, இரண்டு முறையும் தோற்றேன்.

"புல்லு மேல அலையை அடக்கும். வேரு கீழ மண்ணைப் புடிச்சுக்கும். புல்லு செத்த மண்ணு இருக்கே, டீயில நனைச்ச பிஸ்கட்டு. பாத்துக்கிட்டே இருப்பீங்க, பொத்துனு விழுந்துரும்" என்றார் அக்கா.

சதுப்பை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. கணவர் தையற்காரர், முதுகு போன பிறகு பின்பக்க ஜன்னலோரம் படுத்தபடியே பொத்தான் தைக்கிறார். அந்த ஜன்னலிலிருந்து விளிம்பு முன்பெல்லாம் தெரியாது. இப்போது அறுபத்திரண்டு அடியில் நிற்கிறது. விற்றுவிட்டுப் போகலாம் என்றால் வாங்க நாதியில்லை. "நீ அளக்க அளக்கத்தாண்டி அது கிட்ட வருது" என்று கணவர் கேலி செய்வார். போன மாதம் வரை அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

போன மாதம் ஒரு படகில் ஏறி, விளிம்பைக் கடல் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். மற்ற இடமெல்லாம் சாண் கணக்கில் தேய்ந்திருக்க, ஆறாம் கம்பியருகே மட்டும் தண்ணீர் வாய்க்கால்போல உள்ளே புகுந்து, நேராக அவர் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பதினோரு வருடம் பின்வாசலிலிருந்து அவர் நடந்து நடந்து புல்லைச் சாகடித்த தடம் அது.

"எல்லாப் புல்லையும் மிதிக்கக் கூடாதேன்னுதான் ஒரே வழியா நடந்தேன். நான் போட்ட வழியிலயே அது வந்துருச்சு. வேலியே பயிரை மேஞ்ச கதை."

அப்படியானால் போகாமல் இருக்கலாமே என்றேன், பெரிய புத்திசாலிபோல.

"அளவு இல்லைன்னா இந்த இடமே ஃபைல்ல இருக்காது. ஃபைல்ல இல்லாத இடத்துக்கு யாரு வந்து புல்லு நடுவாங்க?" பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கினார். "இத்தனை வருஷம் அளவு குடுத்தும் யாரும் நடலை. அது வேற விஷயம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்றால் எதிரே கடல்தான் இருந்தது. இப்போது அவர் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு போகிறார். பழைய தடத்தில் தானே மூன்று முறை புல் நட்டிருக்கிறார். வேர் பிடிப்பதற்குள் மூன்று முறையும் அலை பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று நாங்கள் ஆறாம் கம்பியை நெருங்கும்போதே விளிம்பு பிளந்தது. தலையணை அளவு மண்கட்டி, பச்சைப் புல்லோடு, சரிந்து கீழே விழுந்தது. அக்கா டேப்பைப் போட்டுவிட்டு இறங்கினார். கட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பெயர்ந்த இடத்திலேயே பொருத்தி, அது நழுவாமலிருக்க முதுகைக் கொடுத்து நின்றார்.

"அக்கா, தண்ணி ஏறுது. வந்துருங்க."

"நீங்க போங்க. இது கொஞ்சம் புடிச்சுக்கட்டும்."

தண்ணீர் அவர் பூட்ஸுக்குள் வழிந்து இறங்கியது. அவர் குதிகாலைச் சேற்றில் ஊன்றி, முதுகால் இன்னொரு முறை அழுத்தினார்.