டைட்டஸ் வீட்டு டைனோசர்கள்

டைட்டஸுக்குப் பேச்சு வராது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். ஏ.சி. மெஷினைப் பிரித்துப் போட்டால் அதோடு மணிக்கணக்கில் பேசுவான், திட்டுவான், கொஞ்சுவான். மனிதர்கள் என்று வந்தால் மட்டும் ‘ம்’, ‘சரி’, ‘பாக்கலாம்’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே பாதி ஆயுசை ஓட்டிவிட்டான்.

ஊர், வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு மிஷன் பாளையம். வேலை திருப்பதியில். அங்கே தெருவுக்குத் தெரு லாட்ஜு முளைத்து, ரூமுக்கு ரூம் ஏ.சி. வந்த காலத்தில் ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டவன். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருகிற ஜனம் குளிர்ச்சியாகப் படுக்க வேண்டும். அந்தக் குளிர்ச்சிக்கு டைட்டஸ் பொறுப்பு. காலையில் பைக்கில் போவான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி கேசியா குவைத்தில் நர்சு. வீடு கட்டத்தான் போனாள். வீடு எழும்பியது, மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடிகூட வைத்தாயிற்று. ஆனால் அவள் போனது போனதாகவே இருந்தது. லீவில் வருவாள், விருந்தாளி மாதிரி சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பாள், போய்விடுவாள். கொரோனாவுக்கு முந்தின வருஷம் வந்ததுதான் கடைசி. அப்புறம் லீவு கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கிடைத்தும் வரவில்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. குழந்தை இல்லாத வீடு, நடுவில் நின்று பேச ஆளும் இல்லை.

அந்த கொரோனா சமயத்தில்தான் முதல் டைனோசர் அவன் கைக்கு வந்தது.

அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு குடும்பம் லாட்ஜில் விட்டுவிட்டுப் போனது அது. யாராவது கேட்டு வருவார்கள் என்று மேனேஜர் முனிகிருஷ்ணன் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தார். லாட்ஜுக்குப் பூட்டுப் போடும் நாள் வந்தது. “தீஸ்கோ டைட்டஸு, எட்த்துக்கினு போ. இனிமே எவன் வர்றான்?” என்று அவன் கையில் திணித்துவிட்டார்.

ஒரு சாணை விடச் சற்று நீளம். தலை தொடங்கி வால் வரைக்கும் சிறகு. கழுத்து, தோள், மணிக்கட்டு, முட்டி, கணுக்கால் எல்லாம் மடங்கியது. தாடையைத் திறந்தால் பொடிப்பொடியாகப் பல். டைட்டஸ் மெஷின் மூட்டு பார்க்கிற ஆள். ஒரு கீல் இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று விரல் பட்டவுடனே தெரிந்துவிடும். இதில் ஒரு மூட்டுகூட ஆடவில்லை. ஒற்றைக் காலில் நிறுத்தினால் ஒற்றைக் காலில் நின்றது. வைத்ததை வைத்தபடி நிற்கிற பொருள் அவன் வீட்டில் அதுவரை எதுவும் இல்லை.

திருப்பதி காந்தி ரோட்டுக் கடைகளில் தொங்குகிற ரப்பர் டைனோசர்களை அவன் பார்த்திருக்கிறான். பச்சைக் கலர், தரையில் இழுபடுகிற வால், குரங்கு மாதிரித் தொங்குகிற கை. இது அந்த ஜாதியே இல்லை. வால் கம்பு மாதிரி பின்னால் நீட்டியிருந்தது. உள்ளங்கைகள் ரெண்டும் ஒன்றையொன்று பார்த்தன, ஜெபம் பண்ண ஆரம்பித்துப் பாதியில் மறந்துவிட்டது போல. ஏன் இப்படி என்று போனில் தேடினான். ஊரடங்கில் வேறு வேலை என்ன? அதன் பெயர் வெலாசிராப்டர் என்று ஒரு வீடியோவில் தெரிந்தது. கை எலும்பில் சிறகு முளைத்த முடிச்சு இருந்ததாம், மணிக்கட்டு கீழ்ப்பக்கமாகத் திரும்பாதாம். எலும்பைப் பார்த்து, அளவெடுத்து, உள்ளபடியே செய்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

அதிலிருந்து ஒன்று ஒன்றாக வரவழைத்தான். மூன்று கொம்புக்காரன் ஒன்று. உதடு மூடிய பெரிய டைரனோசாரஸ் ஒன்று. முதுகில் பலகை வரிசை உள்ளது ஒன்று. சரியாகச் செய்யாததை வைத்துக்கொள்ள மாட்டான். வால் தரையைத் தொடுகிற மாதிரி ஒன்று வந்தபோது பிரித்த கையோடு திருப்பி அனுப்பினான். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவர் அலமாரியில் எல்லாம் வரிசையாக நின்றன.

இதிலே முக்கியமான சங்கதி இனிமேல்தான். தினமும் ஆறு மணிக்குக் கேசியா வீடியோ கால் போடுவாள். “துன்னியா?” “ம்.” “வேல?” “சரி, கீது.” அவ்வளவுதான் ஓடும். அதனால் டைட்டஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். கால் வருவதற்கு முன்னால் டைனோசர்களை ஒரு விதமாக நிறுத்திவிட்டு, அலமாரிக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்துகொள்வான். அவள் ஜுரத்தில் கிடந்த வாரம், பெரியதைக் குனிய வைத்து, சின்னதின் தலையை அது முகர்கிற மாதிரி வைத்தான். அவள் அப்பா போய்ச் சேர்ந்தபோது எல்லாவற்றுக்கும் தலையைத் தாழ்த்தினான். வருகிறேன் என்று சொன்ன கிறிஸ்துமசுக்கு வராமல் போனபோது எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினான். ஒரு வாரம் முழுக்க முதுகுதான்.

அவள் எதுவும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. பார்த்திருப்பாள், புரிந்திருக்கும், பொம்பளைக்குப் புரியாதா என்று இருந்தான். ஒருநாள் ராப்டரை மூன்று கொம்புக்காரன் முதுகில் சவாரி ஏற்றியிருந்தான். அன்றைக்குப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு டைட்டஸ் பல மாதம் பிழைத்தான்.

இப்படி இருக்கையில் அறுப்பின் பண்டிகை வந்தது.

பாளையத்துக் கோவிலில் அதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு ஒரு பொருள் காணிக்கை வர வேண்டும். பூசணி, கரும்பு, கோழி, பாத்திரம், எதுவானாலும் சரி. பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபம் பண்ணுவார்கள். ஆராதனை முடிந்ததும் மைதானத்தில் ஏலம். ஆண்டவருக்குப் போகிற காசு என்பதால் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். மாட்டிக்கொண்டவன் சிரித்துக்கொண்டே எடுத்துப் போக வேண்டும்.

அந்த வாரம் டைட்டஸ் வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். டைனோசர்களைத் துணியில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு உள்ரூமில் வைத்தான். காணிக்கைக்கு வாங்கின சுவர்க்கடிகாரம் கதவோரமாக இன்னொரு பெட்டியில் இருந்தது. திருப்பதியில் ரத சப்தமிக் கூட்டம். லாட்ஜை விட்டு நகர முடியவில்லை, சனிக்கிழமை அங்கேயே தங்கிவிட்டான். காணிக்கை வாங்க வந்துவிட்டார்கள் என்று அக்கா லோயிஸ் போன் பண்ணினாள். சாவி அவளிடம்தான். “கதவண்ட கீற பொட்டிய குட்த்துடு” என்றான். சுண்ணாம்புக்காரர்கள் வேலை செய்ய வசதியாகப் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை நேராகக் கோவிலுக்கு வந்தான். பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், கரும்புக்கட்டு, காலைக் கட்டிப்போட்ட கோழிகள். அதன் நடுவில் அவனுடைய டைரனோசாரஸ், ஒரு வாழைத்தாரின் மேல் சாய்ந்தபடி சபையாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் சுற்றிலும் கிடந்தன. டைட்டஸுக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் லோயிஸைப் பிடித்தான். “அக்கா, இன்னாக்கா பண்ணிட்ட?”

“கதவண்ட கீற பொட்டின்னு நீதானடா சொன்ன? தூக்கறப்பவே கடகடன்னுச்சி. பண்ட பாத்தரம்னு நெனச்சேன்.”

ஏலம் போடுகிற பெரியவர் ஏசுரத்தினத்திடம் போய் நின்றான். வார்த்தை வருவதற்குள் வியர்த்துவிட்டது. “ஐயா, அது என்னுது. தப்பா வந்துடிச்சி.”

“ஆண்டவருக்கு முன்னால வெச்சி ஜெபம் பண்ணியாச்சேடா தம்பி. எப்பிடித் திருப்பிக் குடுக்கறது? போன தபா எஸ்தரு, அரிசிப் படியில கொலுச வுட்டுட்டா. அவளும் ஏலத்துலதான எட்த்தா? நீயும் கை தூக்கு.”

வேறு வழியில்லை. டைட்டஸ் முன்வரிசையில் போய் நின்றான். பக்கத்தில் லோயிஸ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குவைத்தில் இருந்து கேசியா ஏலம் பார்க்கிறாளாம். போன வருஷமும் பார்த்தாளாம். தினமும் தன்னிடம் ரெண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறவள் அக்காவிடம் இவ்வளவு நேரம் பேசுவாள் என்பதே அவனுக்குப் புதுசாக இருந்தது.

முதலில் மூன்று கொம்புக்காரன் வந்தது. “எருமையா, பன்னியா, தெர்ல. எட்த்துக்கறவன் பேரு வெச்சிக்கோ,” என்றார் ஏசுரத்தினம். டைட்டஸ் கை தூக்கினான். டிராக்டர் யோபு வேண்டுமென்றே ஏற்றினான். டைட்டஸ் மறுபடி தூக்கினான். ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கிறவன் கை தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்து ஜனத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக மீட்டான். டைரனோசாரஸையும் மீட்டான். கடைசியில் ராப்டர்.

ஏசுரத்தினம் அதைக் கோழியைப் பிடிக்கிற மாதிரி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். “இது இன்னாடா, கோழியா? ரெக்க கீது. பல்லும் கீதே!”

“முட்ட வெக்குமான்னு கேளு ஐயா,” என்றான் யோபு.

“வெச்சா நீதான்டா அட காக்கணும்.”

“கொயம்புக்குத் தேறுமா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மைதானமே சிரித்தது. யோபு ஏற்றினான். டைட்டஸ் தூக்கினான். யோபு மறுபடி ஏற்றினான். டைட்டஸ் மறுபடி தூக்கப் போனான்.

அப்போது லோயிஸின் போனிலிருந்து கேசியாவின் குரல் தெளிவாகக் கேட்டது. “அண்ணி, இன்னா அது, பல்லி மாரி? யார் வூட்டு பொம்மைங்க? உங்க தம்பி ஏன் அதுக்குப் போயி இப்பிடிக் கை தூக்கினு நிக்கறாரு?”

பாதி தூக்கின கை பாதியிலேயே நின்றது.

“ஒரு தரம்,” என்றார் ஏசுரத்தினம்.

ஜுர வாரத்தை அவன் நினைத்தான். ஒரு வாரம் முழுக்கத் திருப்பி வைத்த முதுகுகளை நினைத்தான்.

“ரெண்டு தரம். டேய் டைட்டஸு!”

அவன் கையைக் கீழே போட்டான்.

யோபுவே பதறிப்போய் ஓடி வந்தான். “டேய், நீ எடுப்பன்னுதான்டா ஏத்தினேன்! இந்தா, வெச்சிக்க.”

“வேணா. நீயே வெச்சிக்க.”

மீட்டதையெல்லாம் பெட்டியில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். புதுச் சுண்ணாம்பு வாசனை. அலமாரியில் அடுக்கினான், எதையும் ஒரு விதமாகவும் நிறுத்தவில்லை, வந்த வாக்கில் வைத்தான். யோபு அன்றைக்கே டிராக்டர் முகப்பில் ராப்டரைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு சாந்திபுரம் பக்கம் லோடுக்குப் போய்விட்டதாக லோயிஸ் வந்து சொன்னாள். டைட்டஸ், “ம்” என்றான்.

ஆறு மணிக்குக் கால் வந்தது.

“துன்னியா?”

“அந்தப் பொம்மைங்க,” என்றான் டைட்டஸ், “நம்ம வூட்டுதுதான்.”

“அண்ணி சொல்ச்சி. எப்பத்திலேந்து?”

“நாலு வருசமா. தெனிக்கும் எனக்குப் பின்னாலதான் நிக்கிது. நீ பாக்கவேல்லியா?”

“எங்க பாக்கறது? போன மடில வெச்சிக்கினு பேசுவ. எனக்கு உன் மூக்கும் மேல சுத்தற ஃபேனும்தான் தெரியும். ஒரு நாளு ஃபேன்ல ஒட்டட தொங்கிக்கினு உன் தலைல வுழப் போச்சி. நான்கூட சிரிச்சேனே.”

டைட்டஸ் கையிலிருந்த போனைப் பார்த்தான். போனின் மூலையில் தபால்தலை அளவுக்குத் தன் படம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் முகம் தெரியும்போது அதை எவன் பார்ப்பான்?

எழுந்து போய் ஒரு சொம்பை எடுத்து வந்து டீப்பாயில் வைத்து, அதில் போனைச் சாய்த்தான். தான் ஓரமாக ஒதுங்கினான்.

“அடியாத்தே,” என்றாள் கேசியா. “இத்தினியா? அது எது, கொம்பு வெச்சது?” அவன் பேரைச் சொன்னான். “இது?” சொன்னான். கண்ணை இடுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “நடுவுல ஏன் காலியா கீது?”

“மொத மொத வந்தது அங்கதான் நின்னுச்சி. டிராக்டர்ல போய்ட்டுது.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கித்தான் பழக்கம். இன்றைக்கு விழுங்கவில்லை.

“நீ எப்ப வர்ற?”

   அவள் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து, மடித்து, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

“பாக்கலாம்,” என்றாள். அப்புறம், “டூட்டிக்கு நேரமாச்சி. நாளைக்கும் அங்கியே வெச்சிப் பேசு, சொம்பு மேல.”

மறுநாள் டைட்டஸ் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். அலமாரி முன்னால் நின்றுகொண்டு டைரனோசாரஸின் கழுத்தைத் திருப்பினான். சரியில்லை என்று நேராக்கினான். கொம்புக்காரனைக் காலி இடத்துப் பக்கம் நகர்த்தினான், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோனான். இத்தனை நாள் கை தன்னால் செய்த வேலை இது. நிஜமாகவே ஒருத்தி பார்க்கப் போகிறாள் என்று ஆனபிறகு எதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் சும்மா நிற்க வைத்துவிட்டு, சொம்பில் போனைச் சாய்த்து, அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று முன்பக்கக் கேமராவைத் திறந்து பார்த்தான். அலமாரி முழுசாகத் தெரிந்தது. நடுவில் இருந்த காலி இடமும் தெரிந்தது. கீழ் ஓரத்தில் ஒரு ஆளின் காதும் பாதித் தோளும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். இப்போது முகமும் தெரிந்தது.

ஆறு ஆனது. அப்படியே, நிறுத்தி வைத்த மாதிரி ஆடாமல், கால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.